ஓரத்தில் வரும் கறுப்புக் கோடு

பல படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் கம்பாசிட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "எலிமென்ட்டை பேக்கிரவுண்ட் மேல வெச்சா ஓரத்துல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு தெரியுதே, ஏன்?" பலர் உடனே மேட்டை (எலிமென்ட்டின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் வடிவம்) ஒரு பிக்சல் உள்ளே இழுத்துவிடுகிறார்கள். கோடு போய்விடும்; கூடவே தலைமுடியின் நுனியும் மோஷன் பிளரும் (அசைவால் வரும் மங்கல்) போய்விடும்.

கோளாறு பெரும்பாலும் ஆல்ஃபாவில்தான்; ஒரு பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று 0 முதல் 1 வரை சொல்லும் மதிப்பு அது. சிஜி ரெண்டர்கள் (கணினியில் உருவாக்கிய படங்கள்) பொதுவாக பிரீமல்டிப்ளைடாக வரும். அதாவது நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டிருக்கும். ஆல்ஃபா 0.5 உள்ள வெள்ளைப் பிக்சலின் மதிப்பு 0.5. மென்பொருள் அதை ஸ்ட்ரெயிட் (இன்னும் பெருக்கப்படாதது) என்று நினைத்துவிட்டால் இன்னொரு முறை பெருக்கி 0.25 ஆக்கிவிடும். அந்த இருட்டுதான் நீங்கள் பார்க்கும் கோடு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் என்றால் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் அமைப்பில் ஆல்ஃபா வகையை மாற்றிப் பாருங்கள். நியூக் மென்பொருளில் கிரேடுக்கு (நிறத் திருத்தத்துக்கு) முன்னால் அன்பிரீமல்ட் (ஆல்ஃபாவால் வகுப்பது), அப்புறம் பிரீமல்ட் (திரும்பப் பெருக்குவது). ஒன்றைப் போட்டு மற்றதை மறந்தீர்களோ, தலைவலி இரட்டிப்பு.

கிரேடியன்ட் (நிறம் மெல்ல மெல்ல மாறும் பகுதி) பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது வேறு கதை. 8 பிட்டில் ஒரு சானலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 படிகள்தான். புராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். கடைசியில் 8 பிட்டில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், சரி, கொஞ்சம் கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) தூவினால் பட்டை அவ்வளவாகக் கண்ணில் படாது.