எதில் பத்து சதவீதம்? – ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 2

கிராஃப் தாளில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்தால் நூறு கட்டம் தயார். 37 சதவீதத்துக்கு வண்ணம் அடி என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தயங்காமல் அடித்துவிடுகிறார்கள். 12.5 கேட்டால் பன்னிரண்டு கட்டத்தோடு அரைக் கட்டம், அதுவும் சரி. இத்தனை சுலபமாக வருவதுதான் கவலை. கட்டம் எப்போதும் நூறாகவே இருப்பதால் 37 சதவீதமும் 37-ம் ஒன்றென்று மனதில் பதிந்துவிடுகிறது. எட்டுக்கு ஐந்து என்று 40 கட்டம் போட்டு, 25 சதவீதம் அடி என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்: 10 கட்டம் அடிக்க வேண்டியவர்கள் 25 கட்டத்தை நிரப்பிவிட்டு நிமிர்வார்கள்.

நூறு கட்டத் தாளோடு 20, 40, 50, 200 கட்டத் தாள்களையும் முதல் நாளே கலந்து கொடுக்க வேண்டும். பிறகு கொடுத்தால் பதிந்ததை அழிப்பதற்கே ஒரு வாரம் போகும்.

ஜூலை 3

மழை இல்லை. மும்பையில் பத்து சதவீதத் தண்ணீர் வெட்டு தொடர்கிறது.

ஜூலை 5

எலாஸ்டிக் அளவுகோல், எந்த நீளத்திலும் சதவீதம் காட்ட. தாராவி 90 அடி சாலையில் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அரை இஞ்ச் அகலம், நெய்த பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். பின்னல் வகை இழுக்க இழுக்க அகலம் குறுகி, கோடுகள் நெளிந்துவிடும்.

26 செ.மீ. வெட்டி, இரு முனையிலும் 3 செ.மீ. பிடிக்க விட்டு, நடுவில் உள்ள 20 செ.மீட்டரில் 2 செ.மீ.க்கு ஒரு கோடு: 0, 10, 20 என்று 100 வரை. இழுக்காமல் மேசையில் படுக்கவைத்துத்தான் கோடு போட வேண்டும். பால்பாயின்ட் பேனா துணியில் சறுக்கும், மெல்லிய முனை மார்க்கர் போதும். முனைகளை ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றி ஒட்டினால் பட்டை முழுக்க ஒரே சீராக இழுபடும். விரலால் கிள்ளிப் பிடித்தால் பிடித்த பக்கம் குறைவாகவும் மறுபக்கம் அதிகமாகவும் நீளும், 50 நடுவில் விழாது.

இந்தப் பட்டை நீளும், சுருங்காது. 20 செ.மீட்டருக்குக் குறைவான எதையும் இதனால் அளக்க முடியாது. இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தால் தளர்ந்தும் போகும். ஆகவே 20 முதல் 40 செ.மீ. வரை உள்ள பொருளுக்கு ஒன்று, பெஞ்சுக்கு 50 செ.மீ. பட்டை ஒன்று.

34 செ.மீ. பையில் 30 சதவீதம் எங்கே? பட்டையை இழுத்து விளிம்புகளில் பொருத்தி 30-ல் புள்ளி வைத்து, பிறகு ஸ்கேலால் சரிபார்த்தால் 10.2 செ.மீ. வர வேண்டும். மூன்று நான்கு மி.மீ. முன்பின் வந்தால் பாதகமில்லை. அந்த 30 என்ற கோடு, பொருள் நீள நீளத் தானும் நகர்வதைக் கண்ணால் பார்ப்பதுதான் வேண்டியது. நூறு கட்டத் தாளில் இது நடக்கவே நடக்காது.

ஜூலை 6

எதில்? ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் இதை எழுத வைக்க வேண்டும். “15%” என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. “பையின் நீளத்தில் 15%.”

ஜூலை 9

ஏரிகள். பிள்ளைகள் வீட்டில் தினமும் காதில் விழும் எண் இதுதான், இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 14,47,363 மில்லியன் லிட்டர். 1,000 மில்லியன் லிட்டருக்கு 1 மி.லி. என்று வைத்தால் எல்லாம் ஒரு மேசைக்குள் அடங்கிவிடுகிறது.

பாத்சா 717 மி.லி., ஒரு லிட்டர் பாட்டில். மேல் வைதர்ணா 227, நடு வைதர்ணா 194, இரண்டுக்கும் கால் லிட்டர் பாட்டில். தான்சா 145, மோடக் சாகர் 129, இவற்றுக்கு 200 மி.லி. ஜூஸ் பாட்டில். விஹார் 28, சின்ன மருந்துக் குப்பி. துளசி 8 மி.லி.! இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும். கூட்டினால் 1,448 வரும். ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கியதில் ஒன்று கூடுகிறது, அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர்கூடச் செலவில்லை. எல்லாக் குழுவுக்கும் அதே தண்ணீர்தான், முடிந்ததும் செடிக்கு.

முதல் கேள்வி: துளசி மட்டும் நிரம்பி வழிகிறது, மற்ற ஆறும் காலி. மொத்தத்தில் எத்தனை சதவீதம்? நூறை ஏழால் வகுத்து 14 என்பார்கள். மூடியில் இருக்கும் 8 மி.லி.யை, ஏழு ஏரித் தண்ணீரும் கொள்ளும் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் காட்டினால் அடி நனைவதோடு சரி. 0.55 சதவீதம். அதே பாத்திரத்தில் பாத்சாவை மட்டும் ஊற்றினால் ஏறத்தாழப் பாதி, 49.5. “துளசி ஏரி நிரம்பியது” என்ற செய்திக்கு ஊரே ஏன் மகிழ்கிறது, வெட்டு ஏன் நீங்கவில்லை, இரண்டும் அந்த இடத்தில் புரிந்துவிடும்.

ஜூலை 10

பாட்டிலில் பாதி உயரத்தில் கோடு போட்டு 50 சதவீதம் என்று எழுதுகிறார்கள். இது சின்னப் பிழை இல்லை. சதவீதம் உயரத்திலா, கொள்ளளவிலா? மறுபடியும் அதே கேள்வி.

வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ. விட்டமுள்ள பேப்பர் கப்பில் பாதி உயரம் வரை ஊற்றினால் கொள்ளளவில் சுமார் 42 சதவீதம்தான். ஏரியும் அப்படியே, அடியில் குறுகி மேலே அகலும். நீர்மட்டம் பாதியானால் தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருக்கும்.

ஆகவே ஸ்கேல் வேண்டாம், ஊற்றித்தான் கோடு போட வேண்டும். பாத்சாவில் 10 சதவீதம் 71.7 மி.லி. ஒவ்வொரு முறையும் 72 ஊற்றிக்கொண்டே போனால் கடைசியில் 720 ஆகிவிடும். மொத்தத்தை எழுதிவைத்துக்கொண்டு ஊற்றுவதே சரி: 72, 143, 215, 287, 359, 430, 502, 574, 645, 717. அளவுக் குவளை இருந்தால் நல்லது. 10 மி.லி. சிரிஞ்சால் பாத்சாவை நிரப்பினால் எழுபது முறைக்கு மேல் உறிஞ்ச வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு காற்றுக்குமிழி வேறு. சிரிஞ்ச் விஹாருக்கும் துளசிக்கும் மட்டும். இடுப்பு வளையம் உள்ள பாட்டில் வேண்டாம், கோடு தெரியாது. மெல்லிய பாட்டிலைக் கையில் பிடித்தபடி கோடு போடக் கூடாது. லேசாக அமுங்கினாலே மட்டம் ஏறிவிடும்.

ஜூலை 11

ஏழு சதவீதங்களைக் கூட்டி ஏழால் வகுப்பது. இதை நிறுத்தவே முடியவில்லை.

பாத்சாவில் 20, மற்ற ஆறிலும் 80 என்று நிரப்பினால் சராசரி 71 சொல்கிறது. ஊற்றிப் பார்த்தால் 143-ம் 585-ம் சேர்ந்து 728 மி.லி., அதாவது 50 சதவீதம். இருபத்தோரு சதவீதப் புள்ளி வித்தியாசம். ஊரில் பாதி தண்ணீர் இருக்கும்போது முக்கால்வாசி இருக்கிறது என்று நம்ப வைக்கும் கணக்கு இது. ஊற்றிப் பார்க்காமல் யாருக்கும் இதை விளக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

ஜூலை 12

விடியற்காலையில் தூறல். ஒன்பது மணிக்குள் வெயில்.

ஜூலை 15

நல்ல மழை!

20 சதவீதத்திலிருந்து 25-க்கு ஏறினால் எவ்வளவு கூடியது? பெரிய பாத்திரத்தில் 289 மி.லி., பிறகு 362. ஊற்றியது 73. மொத்தக் கொள்ளளவில் அது 5 சதவீதம், ஆகவே 5 சதவீதப் புள்ளி. முன்பு இருந்த தண்ணீரில் அது 25 சதவீதம். ஊற்றியது ஒரே தண்ணீர், இரண்டு விடையும் சரி. பக்கத்தில் “எதில்” என்று எழுதியவர்கள் மட்டும் குழம்பவில்லை.

நகரம் நாளொன்றுக்கு 3,800 முதல் 4,000 மில்லியன் லிட்டர் வரை குடிக்கிறது. ஏரியில் 1 சதவீதம் என்பது நான்கு நாள்கூட வராது. இதைக் கணக்கிட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பயமுறுத்த இல்லை, 1 சதவீதம் என்றாலே சின்னது என்ற எண்ணம் போக வேண்டும்.

ஜூலை 17

வெட்டு நீங்கினால் எத்தனை சதவீதம் கூட வரும்? பத்து என்பார்கள். 20 செ.மீ. காகிதப் பட்டையில் 2 செ.மீ. வெட்டினால் 18. வெட்டிய துண்டை மீதிப் பட்டைமேல் வைத்து அளந்தால் சரியாக ஒன்பது முறை வரும். ஒன்பதில் ஒன்று, 11.1 சதவீதம். துண்டு மாறவில்லை, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிவிட்டது.

வெட்டின்மேல் வெட்டு என்றால் 18-ல் 1.8 போய் 16.2, முதலில் இருந்ததில் 81 சதவீதம். தள்ளுபடிக்கும் இதே பட்டை: 25 செ.மீ. எடுத்து 20 சதவீதம் இரண்டு முறை வெட்டினால் 20, பிறகு 16. தள்ளுபடி 36 சதவீதம், 40 இல்லை. கத்தரி கோணலாகப் போனால் பின்னால் எல்லாம் தவறும், கோடு போட்ட தாளில்தான் வெட்ட வேண்டும்.

ஜூலை 18

சர்க்கரைக் கரைசலுக்குச் சமையலறைத் தராசு, 1 கிராம் வரை காட்டுவது. 10 கிராம் சர்க்கரையோடு 90 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 10 சதவீதம். 100 கிராம் தண்ணீர் ஊற்றினால் 9.1. இரண்டு குவளையையும் பெயர் எழுதாமல் வைத்து, எடை போட்டே எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். காலிக் குவளையின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.