அமெரிக்க மாணவர் பத்திரிகையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே இலக்கியப் பத்திரிகை நடத்துவது பழைய வழக்கம். 'ஹார்வர்ட் அட்வகேட்' 1866இல் தொடங்கி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. டி.எஸ். எலியட் அங்கே மாணவராக இருந்தபோது எழுதிய கவிதைகள் அதில்தான் வெளியாயின. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். டெக்சாஸில் நான் எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு பத்திரிகை உண்டு. அதன் ஆசிரியருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது; உயிரியல் படித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட பத்திரிகைக்குக் கதை அனுப்பும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மாணவர் பத்திரிகை என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கின்றன. ஒரு வகையை நடத்துபவர்கள் எம்.எஃப்.ஏ., அதாவது படைப்பிலக்கியத்தில் முதுகலை படிப்பவர்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் 1974இல் தொடங்கிய 'பிளாக் வாரியர் ரிவ்யூ', ஹூஸ்டனிலிருந்து வரும் 'கல்ஃப் கோஸ்ட்' எல்லாம் அந்த வகை. ஆசிரியர் குழு மட்டும்தான் மாணவர்கள். எழுதுபவர்கள் எங்கிருந்தும் அனுப்பலாம், பெயர் பெற்ற எழுத்தாளர்களும் அனுப்புவார்கள். இந்த வகைப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு படைப்புக்கு மூன்று டாலர் வாக்கில் கட்டணமும் உண்டு. மற்றொரு வகையை நடத்துபவர்கள் இளங்கலை மாணவர்கள். அச்சுச் செலவு பெரும்பாலும் மாணவர் கட்டணத்திலிருந்து வருவதால், பல இடங்களில் அங்கே படிப்பவர்களின் எழுத்தை மட்டும்தான் எடுப்பார்கள். முதல் கதையை வைத்திருப்பவர் இரண்டாவது வகையில் தொடங்குவதே நல்லது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் கதை அனுப்பலாமா என்று எங்கள் பல்கலைக்கழகப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் பதிவு இருந்தால் போதும், எந்தத் துறை என்பது எங்களுக்குத் தேவையில்லை என்று பதில் வந்தது.

என் கதை கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை ஒன்றில் கட்டை (தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கும் சட்டம்) அடுக்கும் ஒரு அம்மாவைப் பற்றியது. வாரக் கடைசியில் கணக்கப்பிள்ளையின் நோட்டில் ஒரு கட்டை குறைகிறது, அவ்வளவுதான் கதை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

விதிமுறைகளைப் படிக்கும்போது பாஸ்போர்ட் விண்ணப்பம் மாதிரி இருந்தது. பன்னிரண்டு புள்ளி டைம்ஸ் நியூ ரோமன், இரட்டை இடைவெளி, பக்க எண், இத்தனை சொற்களுக்குள், கோப்பில் எங்கேயும் பெயர் கூடாது. கடைசி விதிதான் முக்கியம். படிப்பவர்களும் அதே வளாகத்தில் இருப்பவர்கள். அறைத் தோழனின் கதை, காதலியின் கவிதை எல்லாம் வரும் என்பதால் பெயரை மறைத்துத்தான் படிப்பார்கள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளிலும் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்க வேண்டும். கோப்பின் பெயரில் 'முத்துக்குமார் கதை இறுதி 3' என்று இருந்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும்.

கூடவே ஒரு கடிதம் கேட்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் 'தங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகன்' என்று ஆரம்பித்து, கதை எழுந்த சூழல், கதையின் கரு என்று ஒரு பக்கம் எழுதக் கை வரும். இங்கே இரண்டு மூன்று வரிதான்: கதையின் பெயர், சொற்களின் எண்ணிக்கை, நன்றி. கதையை விளக்கவே கூடாது. அப்புறம் தன்னைப் பற்றிப் படர்க்கையில் ஐம்பது சொல்லில் ஒரு குறிப்பு. 'அவர் டெக்சாஸில் வசிக்கிறார்' என்று என்னைப் பற்றி நானே எழுதியது கூச்சமாகத்தான் இருந்தது. பழைய இதழ்களைப் புரட்டினால் பாதிப் பேர் தங்கள் பூனையைக் குறிப்பிட்டிருந்தார்கள். என்னிடம் பூனை இல்லை.

சப்மிட்டபிள் என்ற தளத்தில் ஏற்றினேன். சிறிய பத்திரிகைகள் கூகுள் ஃபார்மிலேயே வாங்கிக்கொள்வதும் உண்டு. ஏற்றியதும் 'ரிசீவ்ட்' என்று காட்டும், பிறகு ஒரு நாள் 'இன்-ப்ராக்ரஸ்' என்று மாறும். அதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் கோப்பைத் தொட்டிருக்கிறார், அவ்வளவே. அதே கதையை வேறு பத்திரிகைக்கும் அனுப்பலாமா என்பது விதிமுறையிலேயே இருக்கும். பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனால் ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்ற இடங்களில் உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். சொந்த வலைப்பூவிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டதைக்கூடப் பல பத்திரிகைகள் 'ஏற்கெனவே வெளியானது' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

காத்திருந்த நேரத்தில், வந்த படைப்புகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வாசகர் குழுவுக்கு ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்துச் சேர்ந்தேன். இந்த அனுபவத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். வாரம் ஒரு மாலை, நூலகத்தில் ஒரு அறை, ஆளுக்கொரு மடிக்கணினி. பெயரில்லாத கதைகளை முன்பே படித்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒரு பத்தியை உரக்கப் படிப்பார், பிறகு பேச்சு, பிறகு கையைத் தூக்கி வாக்கு. நம்மூரில் சிறுபத்திரிகை என்றால் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரின் ரசனை. பிடித்தால் வரும், பிடிக்காவிட்டால் பதிலும் வராது. இங்கே வாக்கெடுப்பு இருப்பதால் நியாயம் அதிகம் என்று நினைத்திருந்தேன். நியாயம் இருக்கிறதுதான். ஆனால் சராசரி மதிப்பெண்ணில் முன்னால் வருவது யாருக்கும் பிடிக்காமல் போகாத கதை. எல்லோரும் மூன்று போட்ட கதை, இரண்டு பேர் ஐந்தும் மூன்று பேர் ஒன்றும் போட்ட கதையை முந்திவிடும். அந்த இரண்டாவது கதையைக் காப்பாற்ற ஒரே வழி, ஐந்து போட்டவர் விடாமல் வாதாடுவது. அந்த அறையில் உட்கார்ந்தபிறகு, எல்லோரையும் திருப்திப்படுத்தும் எண்ணத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

என் கதை விவாதத்துக்கு வந்த அன்று விதிப்படி வெளியே போய் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மதிப்பெண் சுமார்தானாம். ஒரு பெண் மட்டும் 'அந்தக் கணக்கு நோட்டு வரும் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள்' என்று விடாமல் பேசியிருக்கிறார்.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, ஆனால் இரண்டு திருத்தங்களோடு. ஒன்று, முதல் பக்கத்தையே எடுத்துவிடுவது. கரிசல் மண், மழை பெய்யாத வானம், இந்த ஊர்களில் தீப்பெட்டித் தொழில் ஏன் வேரூன்றியது என்று அமெரிக்க வாசகருக்காக விளக்கியிருந்தேன். 'அந்த அம்மாவின் விரல்கள் குச்சியை அடுக்கும் இடத்தில் தொடங்குங்கள், மற்றதைப் போகப் போகப் புரிந்துகொள்வோம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார் ஆசிரியர். சரிதான் என்று பட்டது. வெட்டினேன்.

மற்றொன்று முடிவு. வாசகர் குழுவில் சிலருக்குக் கதை முழுக்க ஒரு தீ விபத்து வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருந்ததாம், அது வராமல் போனது ஏமாற்றமாம். கடைசியில் ஒரு சிறிய தீயாவது வைக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். தீப்பெட்டி என்றால் தீப்பிடித்தே ஆக வேண்டுமா? விபத்துகள் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டைக்கான கூலி குறைவதும் அந்த அம்மாவுக்கு விபத்துதான், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நீளமாகப் பதில் போட்டேன். கதையை இழக்கவும் தயாராகத்தான் இருந்தேன். மறுநாள் 'புரிகிறது, அப்படியே இருக்கட்டும்' என்று ஒரு வரி வந்தது. மாணவர் பத்திரிகையில் எனக்குப் பிடித்தது இந்தப் பேச்சுவார்த்தைதான். ஒரு காற்புள்ளிக்குக்கூட அனுமதி கேட்டார்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம். வட அமெரிக்காவில் முதலில் வெளியிடும் உரிமை அவர்களுக்கு, வெளியானபின் எல்லா உரிமையும் எழுதியவருக்கே திரும்பிவிடும். பின்னால் தொகுப்பில் சேர்த்தால் முதலில் எங்கே வந்தது என்று குறிப்பிட வேண்டும். சன்மானம் இரண்டு பிரதிகள். பணம் தரும் பத்திரிகை என்றால் எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளி வேலைக்குக் கட்டுப்பாடு உள்ள விசா அது. வரிப் படிவமும் நிரப்பச் சொல்வார்கள்.

வெளியீட்டு நாளில் ஆளுக்கு ஐந்து நிமிடம் படிக்கக் கொடுத்தார்கள். பீட்சா இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கதையோடு சில கவிதைகளும் அனுப்பியிருந்தேன். அவை என்னவாயின என்று கேட்பீர்கள். 'இம்முறை எங்களுக்குப் பொருந்தவில்லை' என்ற வழக்கமான கடிதத்தோடு திரும்பிவிட்டன. அவற்றுக்காக வாதாட யாரும் இல்லை போலிருக்கிறது. நானே திரும்பப் படித்தேன், நானும் வாதாடியிருக்க மாட்டேன்.

ஃபால் செமஸ்டருக்கு வருகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் மாணவர் மன்றக் கண்காட்சியில் பத்திரிகையின் மேசையைத் தேடி, முதலில் வாசகர் குழுவுக்குப் பெயர் கொடுங்கள். எழுத்தை அதற்கப்புறம் அனுப்பலாம். எங்கள் பத்திரிகைக்குக் கடைசித் தேதி அக்டோபரில், சரியாக மிட்டெர்ம் தேர்வு நேரத்தில் வரும். கடைசி இரவில் குவிவதுதான் அதிகம். முந்தின வாரமே அனுப்பிவிட்டால், களைப்படையாத கண்கள் படிக்கும்.