சுவரில் ஓடும் சைக்கிள்

பினாங்கு போகிறவர்கள் ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவைத் தவறவிடாதீர்கள். லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ல் அங்கே ஒரு பழைய சுவரில் அக்காவையும் தம்பியையும் வரைந்தார். பிள்ளைகள்தான் ஓவியம், சைக்கிள் நிஜம். துருப்பிடித்த வண்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்.

அக்கா முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறாள். பின்னால் தம்பி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்து கத்துகிறான். பயமா, குதூகலமா? இரண்டும்தான். சின்ன வயதில் டபுள்ஸ் போன எல்லாருக்கும் அந்தக் கத்தல் தெரியும்.

இது கண்ணாடிக்குள் வைத்த கலை இல்லை, தெருவோடு கிடக்கிறது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நின்று அந்தச் சவாரியில் சேர்ந்துகொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அப்புறம், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்த சூலியா தெருப் பக்கம் இன்னொன்று இருக்கிறது. நிஜ ஊஞ்சலில் ஆடும் ஓவியப் பிள்ளைகள், லூயிஸ் கான் செய்தது. அதையும் பார்த்துவிடுங்கள்.

அக்கா, தம்பியோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் வரிசை நீண்டுவிடும்.