மூக்கனேரியில் ஒரு பனையேறி

தூண்டிலில் எத்தனை வகை மீன் பிடித்திருக்கிறேன் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறேன். மொத்தம் 11. எடையெல்லாம் எனக்குக் கணக்கில்லை, புது வகையா இல்லையா, அவ்வளவுதான். 12-ஆவதாகப் பனையேறிக் கெண்டைதான் வரவேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பிடிவாதம்.

காரணம் ஒரு பழைய கதை. 1791-ல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த டால்டார்ஃப் என்பவர், குளத்தோரப் பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்தபோது பிடித்ததாக எழுதினார், 1797-ல் அது லண்டன் லின்னியன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர்கள் சங்கத்தின் இதழில் அச்சானது. மரம் ஏறியதை நான் நம்பவில்லை. ஆனால் தரையில் நகர்வது நிஜம், செவுள் மூடியில் ரம்பம் மாதிரி முள் இருக்கிறது, அதை மண்ணில் ஊன்றி வாலால் உந்திக்கொண்டு போகும். செவுளுக்கு மேலேயே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பும் உண்டு என்பதால் ஈரம் காயாதவரை வெளியே தாக்குப்பிடிக்கும்.

போன ஞாயிறு, இரவெல்லாம் மழை கொட்டியிருந்ததால், அக்கா பையனையும் கூட்டிக்கொண்டு விடிவதற்குள் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்விட்டேன். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேர்கிற ஏரி. 2010-ல் தூர்வாரியபோது மண்ணை வெளியே கொட்டாமல் உள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், இப்போது அங்கே பறவைகளின் சத்தம்தான் அலாரம். மீன் குத்தகைக்காரரிடம் முதலிலேயே கேட்டிருந்தேன், "ஒரு மீனுக்காகவா சார் இவ்வளவு தூரம்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மண்புழுவைக் கோத்துப் போட்டால் தக்கை உடனே மூழ்குகிறது. ஜிலேபி. மறுபடியும் ஜிலேபி. 14 ஜிலேபி! ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன், இன்று எந்த ஏரியில் தூண்டில் போட்டாலும் முதல் வாய் இதுதான் வைக்கிறது. கலிபோர்னியா பாலைவனத்தில் சால்டன் கடல் என்கிற ஏரியிலும் ஒரு காலத்தில் இதே கூட்டம்தான் பெருகி, அந்த ஊருக்கே உரிய பொடி மீனான பப்ஃபிஷ்ஷுக்கு இடைஞ்சலாகிவிட்டது. அப்போது அங்கே தூண்டில் போட்டவனும் என்னை மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான் போல.

சரி, இடத்தை மாற்றுவோம் என்று வாய்க்கால் வந்து விழும் பக்கம், முழங்கால் ஆழம்கூட இல்லாத சேற்றுத் தண்ணீருக்குப் போனேன். ஆகாயத்தாமரை இடுக்கில் அவ்வப்போது ஏதோ ஒன்று மேலே வந்து 'ப்ளக்' என்று காற்றை விழுங்கிவிட்டுப் போனது. சின்ன முள், ஈயம் கிடையாது, பாதிப் புழு. இருபது நிமிஷம் கழித்து தூண்டில் நரம்பு பக்கவாட்டில் இழுத்தது. உள்ளங்கை நீளம்தான், கரும்பச்சை உடம்பு, கையில் பிடித்த வேகத்தில் கட்டைவிரலைக் கீறிவிட்டது. ரத்தத்தோடு நான் சிரித்ததைப் பார்த்து பையன் பயந்தே போனான்.

பக்கெட்டில் போட்டுவிட்டு, போன் எடுக்க ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நடக்குது!"

திரும்பினால் பக்கெட்டில் இல்லை. சேற்றில் நெளிந்து நெளிந்து தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம், நடக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். போட்டோவில் இருப்பது சேற்றில் ஒரு கோடும் என் செருப்பும் மட்டும். டைரியில் 12 என்று எழுதிவிட்டேன், கூட மீன் பிடிக்க வரும் நண்பர் மட்டும் செல்லாது என்கிறார்.