வேலி ஹவுஸ் போய்ட்டு வந்த கதை

அமெரிக்காவுல சான் டியாகோ ஓல்டு டவுன்ல வேலி ஹவுஸ்னு ஒரு பழைய செங்கல் வீடு இருக்கு, பேய் வீடுன்னு செம ஃபேமஸ், எனக்கு பேய் நம்பிக்கையெல்லாம் கிடையாது ஆனாலும் போய் பாத்துடணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு.

தாமஸ் வேலின்னு ஒரு வியாபாரி 1857ல கட்டி முடிச்ச வீடு. இதுல என்ன கூத்துன்னா 1852ல படகு திருடுனான்னு யாங்கி ஜிம்ங்கறவன அதே இடத்துல தான் தூக்குல போட்டாங்க, அத நேர்ல நின்னு பாத்தவரே இந்த வேலி! அப்புறம் அதே எடத்த வாங்கி வீடு கட்டி குடும்பத்தோட குடியேறியிருக்காரு, என்ன மனுஷனோ. குடி வந்தப்புறம் மாடில பூட்ஸ் சத்தம் கேக்குது, அது ஜிம் தான்னு அவங்களே சொல்லிருக்காங்க.

கீழ கோர்ட் நடந்த ரூம், மளிகைக்கடை, மேல நாடகம் போட்ட ஹால், எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள. ஆனா எனக்கு மனசு கனத்துப் போனது தூக்குமேடை கதைல இல்ல. வேலியோட 18 மாசக் குழந்தை இங்க செத்துருக்கு, 1885ல அவரோட மக வயலெட், 22 வயசு பொண்ணு, கல்யாண வாழ்க்கை நாசமாகி உயிர மாய்ச்சுக்கிட்டா. அவ ரூம் வாசல்ல நிக்கறப்போ யாருமே பேசல.

மாடிப்படி ஏறறப்போ டொக்குன்னு ஒரு சத்தம், பழைய மரப்படி சூட்டுக்கு விரியும் சுருங்கும்னு தெரியும், இருந்தாலும் எனக்கு முன்னாடி ஃப்ரெண்ட தள்ளி விட்டுட்டேன். அவ இன்னும் பேசல.