பீன்யா பட்டறைக்கு ஏஐ டூல் தேடி அலைஞ்ச கதை

பெங்களூர் பீன்யா செகண்ட் ஸ்டேஜ்ல எங்க அப்பா ரெண்டு பழைய லேத்தோட (கடைசல் மெஷின்) ஆரம்பிச்ச, மெஷின் பார்ட் பண்ற பட்டறை, இப்போ கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மெஷின் நாலு, அதாவது மூணு சிஎன்சி, ஒரு விஎம்சி, மொத்தம் 16 பேர். பாதி பேர் கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம், மீதி தும்கூர், ரெண்டு பேர் ஒடிசா பசங்க. ஆபீஸ்னா நானும் அக்கவுண்ட்ஸ் அக்காவும்தான். ஏஐ கீய்னு எல்லாம் எங்களுக்கு யோசனையே இல்ல, ஒரு பழைய கஸ்டமர் போன்ல "உங்க கொட்டேஷன் வர மூணு நாள் ஆகுதும்மா, பக்கத்து யூனிட்ல அன்னைக்கே குடுத்துடறாங்க"ன்னு சொன்னதுதான் ஆரம்பம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

உடனே நான் பண்ணது, எல்லாரும் பண்றதுதான், கொட்டேஷனை சீக்கிரம் போட ஏஐ டூல் விக்கறவங்களைக் கூப்பிட்டு டெமோ பாக்க உக்காந்துட்டேன். ஒரே மாசத்துல ஏழு டெமோ. எல்லாருமே அவங்க கொண்டு வந்த டிராயிங்கைத்தான் போட்டுக் காட்டுவாங்க, சுத்தமான பிடிஎஃப், எழுத்து எல்லாம் பளிச்சுனு இருக்கும், அது என்ன கேட்டாலும் டக்குனு பதில் சொல்லும். எங்களுக்கு வர்றது என்ன, கஸ்டமர் ஷாப் ஃப்ளோர்ல நின்னு மொபைல்ல கோணலா எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விடற போட்டோ, ஓரத்துல கூலன்ட் கறை, மேல பால்பாயிண்ட் பேனாவுல திருத்தம். அதுல ஒண்ணைக் குடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கன்னேன், "நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு மேடம்"னார் ஒருத்தர். இன்னொருத்தர் வருஷத்துக்கு 1.8 லட்சம், இன்னைக்கு ராத்திரிக்குள்ள சைன் பண்ணா 30% கம்மின்னார். பக்கத்துல உக்காந்திருந்த அப்பா, "ஆடித் தள்ளுபடி மாதிரி பேசறான், அனுப்பிடும்மா"ன்னுட்டார்.

அதுக்கப்புறம்தான் கொஞ்சம் புத்தி வந்துச்சு. ஒரு என்கொயரி வந்ததுல இருந்து கொட்டேஷன் போற வரைக்கும் நேரம் எங்க போகுதுன்னு ஒரு வாரம் மூணு பேரும் நோட்ல எழுதினோம், நான், அக்கா, சூப்பர்வைசர் அண்ணன். நான் நினைச்சது விலைக் கணக்கு போடறதுலதான் லேட்டுன்னு. இல்லவே இல்ல, அப்பா டிராயிங்கைப் பாத்து சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு மெஷின்ல ஆகற நேரம், மனசுல போட்டு பத்து நிமிஷத்துல ரேட் சொல்லிடறார். நேரம் போறது ரெண்டு இடத்துல. இதே மாதிரி பார்ட் முன்னாடி பண்ணிருக்கோமான்னு கம்ப்யூட்டர்ல தேடறது, ஃபைல் பேரு எல்லாம் "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ 2"ன்னு இருந்தா என்னத்த தேட. ரெண்டாவது, என்கொயரில மெட்டீரியல் கிரேடு இருக்காது, இல்ல ஹார்ட்னஸ் இருக்காது, இல்ல எத்தனை பீஸ்னே இருக்காது, அதை நாங்க கவனிக்கறதே மறுநாள், கேட்டு பதில் வர இன்னொரு நாள். அப்போ எங்களுக்கு வேண்டியது, என்கொயரி வந்த உடனே "இதுல இது இது குறையுது"ன்னு சொல்ற ஒண்ணு. பாத்த ஏழு டெமோல ஒருத்தர்கூட இதைப் பத்திப் பேசல.

சரின்னு நாங்களே பரிட்சை வெச்சோம். ஏற்கெனவே முடிச்ச 40 பழைய என்கொயரி, அதாவது சரியான பதில் எங்க கைல இருக்கறது, அதை மூணு டூல்ல ஒரே மாதிரி கேள்வி கேட்டு ஓட்டினோம். அதுல நாலு டிராயிங்ல மெட்டீரியல் இருக்கற கட்டத்தை வேணும்னே வெள்ளையடிச்சுட்டேன். இதுதான் நான் பண்ணதுலயே உருப்படியான வேலை. ஏன்னா ஒரு டூல் அந்த நாலுக்கும் அழகா EN8ன்னு எழுதி வெச்சிருந்துச்சு, சந்தேகமே இல்லாத மாதிரி. அதுல ரெண்டு நிஜத்துல EN24. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், EN8 சாதா மீடியம் கார்பன் ஸ்டீல், EN24 நிக்கல் குரோம் மாலிப்டினம் கலந்த அலாய், விலை, மெஷினிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாமே வேற, அந்த EN8 ரேட்டுக்கு கொட்டேஷன் போயிருந்தா ஆர்டர் கண்டிப்பா கிடைச்சிருக்கும், கைக்காசு போட்டு பண்ணிக் குடுத்திருக்கணும். "டிராயிங்ல இல்லன்னா இல்லைன்னு மட்டும் எழுது, ஊகிக்காத"ன்னு சேர்த்து கேட்டதும் மூணுக்கு சரியா இல்லைன்னு சொல்லுச்சு, ஒண்ணுக்கு அப்பவும் EN8தான். இன்னொரு டூல் 25 H7 போரை (போர்னா பார்ட்ல போடற ஓட்டை, H7ங்கறது அதோட அளவு எவ்வளவு கூடலாம்ங்கற குறியீடு) H1ன்னு படிச்சுது. 25 மில்லில H7ன்னா பிளஸ் 21 மைக்ரான், மைனஸ் சைடு ஜீரோ, இது பட்டறைல சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும்.

வாய்ஸ் நோட் கதை தனி. சூப்பர்வைசர் அண்ணன் பேசறது பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவுல மெஷின் இங்கிலீஷ். அவர் வாய்ஸ் நோட்டை ஏஐ ரிப்போர்ட்டா மாத்தித் தரட்டும்னு பாத்தோம். "எட்டு பீஸ் ரிஜெக்ட் ஆயித்து, போர் ஓவர்சைஸ்"னு அனுப்பினதை அது மொழிபெயர்த்து யுத்தம் பெரிசாகிப் போச்சுங்கற மாதிரி ரிப்போர்ட் குடுத்துச்சு. அந்த ஐடியாவை அன்னைக்கே கைவிட்டாச்சு, போர்டுல சாக்பீஸ்தான் இப்பவும்.

நடுவுல ஒரு திகில். 2025 நவம்பர் 4ல இருந்து சாட்ஜிபிடி கோ இந்தியாவுல ஒரு வருஷம் ஃப்ரீன்னு வந்துச்சு இல்ல, அதுக்கு முன்னாடி மாசம் 399 ரூபாய், ஃப்ரீன்னதும் பட்டறைல எல்லார் போன்லயும் ஏறிடுச்சு. புரோகிராமர் பையன் ஒருத்தன் ஜி-கோடு (மெஷினுக்குக் குடுக்கற புரோகிராம்) எழுதித் தர்றதுக்காக ஒரு கஸ்டமரோட டிராயிங்கை அவன் சொந்த அக்கவுண்ட்ல போட்டிருக்கான். அந்த கஸ்டமர்கிட்ட நாங்க டிராயிங்கை வெளிய காட்ட மாட்டோம்னு கையெழுத்து போட்டிருக்கோம். தனிப்பட்ட அக்கவுண்ட்ல செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணலன்னா நாம போடறதை மாடலுக்குப் பயிற்சி குடுக்க எடுத்துக்கலாம், பிசினஸ் பிளான்ல அது ஆரம்பத்துல இருந்தே ஆஃப்ல இருக்கும், இந்த வித்தியாசம் எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். பையனைத் திட்டி என்ன பண்றது, நான் சொல்லவே இல்லையே. நேரா கஸ்டமர் பர்சேஸ்ல போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன், கை நடுங்குச்சு. அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் எங்க டிராயிங் எந்த ஏஐ பக்கமும் போகக் கூடாதுன்னு மெயில்ல எழுதிக் குடுங்கன்னார். குடுத்தோம். மத்த கஸ்டமர்களையும் ஒவ்வொருத்தரா கேட்டு, சரின்னு சொன்னவங்களோடதை மட்டும், கம்பெனி பேரும் பார்ட் நம்பரும் மறைச்சுட்டுத்தான் போடறோம்.

அக்காவுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஜாப் வொர்க்குக்கு, அதாவது கஸ்டமர் குடுக்கற மெட்டீரியல்ல வேலை மட்டும் பண்ணிக் குடுக்கறதுக்கு, ஜிஎஸ்டி எவ்வளவுன்னு கேட்டா ஒரு டூல் 12%ன்னுச்சு, எங்க மாதிரி வேலைக்கு அது 2025 செப்டம்பர் 22ல இருந்து 18%. அக்கா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு டாலி அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் பக்கம் திரும்பினவங்கதான், அதுக்கப்புறம் எட்டியே பாக்கல.

கடைசியா வாங்கினது ரொம்ப சின்ன விஷயம், எல்லாரும் யூஸ் பண்ற பொது சாட்பாட் ஒண்ணோட பிசினஸ் பிளான்ல ரெண்டு சீட். வெளிநாட்டு பில்லுக்கு எங்க ஜிஎஸ்டி நம்பரைக் குடுத்துட்டா ரிவர்ஸ் சார்ஜ்ல 18% நாமளே கட்டி கிரெடிட் எடுத்துக்கலாம்னு ஆடிட்டர் சொன்னார். என்கொயரி வந்ததும் என்ன குறையுதுன்னு லிஸ்ட் எடுக்கும், கஸ்டமருக்குக் கேள்வி மெயில் எழுதும், அவ்வளவுதான். டைமென்ஷன், டாலரன்ஸ், ரேட் மூணும் அப்பா கண்ணுல படாம வெளிய போகாது. பழைய டிராயிங் ஃபைல் எல்லாத்துக்கும் கஸ்டமர், பார்ட், மெட்டீரியல்னு பேரு மாத்தி வெச்சோம், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு, ஏஐக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்போ கொட்டேஷன் பெரும்பாலும் மறுநாளே போகுது, அதுல பாதிப் பெருமை இந்த ஃபைல் பேரு மாத்தினதுக்குத்தான் சேரணும்னு அண்ணன் சொல்றார், நானும் ஒத்துக்கறேன்.

சந்தா ரினியூவலுக்கு முன்னாடி அதே 40 டிராயிங்கை மறுபடி ஓட்டிப் பாக்கணும். இந்த தடவை வெள்ளையடிக்கறது நாலு இல்ல, பத்து.