சுசீந்திரம் குளக்கரையில் நான் கம்போசிஷன் பழகியது

கேமரா வாங்கிய முதல் ஆறு மாதம் நான் எடுத்த நிலக்காட்சிப் படங்கள் எல்லாவற்றிலும் எல்லாமே இருந்தன. மலை, குளம், தென்னை, மேகம், கரையில் மேயும் மாடு, கரண்டு கம்பி. நேரில் நின்றபோது மனசு நிறைந்துபோன இடம், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் பஸ் ஜன்னலில் கடந்துபோகிற ஏதோ ஒரு ஊர் மாதிரி இருக்கும். நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் ஒருநாள் காட்டினேன். நாற்பது படத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மக்கா, இதுல நான் எதைப் பாக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது, எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் கம்போசிஷனை நான் பழகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் செய்த முதல் நல்ல காரியம், ஊர் ஊராக அலைவதை நிறுத்தியது. தனுஷ்கோடி, கொல்லிமலை, மூணாறு என்று போன இடத்திலெல்லாம் அசந்து நிற்பதிலேயே நேரம் போய்விடும், படத்தைப் பற்றி யோசிக்க மனசு வராது. அதனால் வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய சுசீந்திரம், தேரூர் குளங்களை எடுத்துக்கொண்டேன். 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த நீர்நிலை என்பதால் பறவை பார்க்கத்தான் நிறையப் பேர் வருவார்கள். எனக்கு வேண்டியது தண்ணீர், பனை, வயல், தூரத்தில் மருந்துவாழ் மலை, அவ்வளவுதான். புரட்டாசியில் தொடங்கி மாசி வரை வாரத்துக்கு இரண்டு காலை போனேன். ஏழெட்டுத் தடவை போனபிறகு வியப்பு அடங்கிவிடும், அப்புறம்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: வீட்டுக்குப் பக்கத்தில் சுமாரான ஓர் இடத்தைப் பிடியுங்கள்.

அடுத்தது ஓர் அட்டை. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், கல்யாணப் பத்திரிகை அட்டையில் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது வழியாகப் பார்ப்பேன். ஏபிஎஸ்-சி (முழு பிரேமைவிடச் சிறிய) சென்சார் கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ்தான் என்னிடம் இருந்தது; 18 எம்.எம்.-இல் அகலமான காட்சி கிடைக்கும், 55-இல் அதில் ஒரு சிறு பகுதி மட்டும் பெரிதாகத் தெரியும். அட்டையைக் கண்ணிலிருந்து 9 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 18 எம்.எம். காட்டுவது தெரியும், 28 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 55 எம்.எம். காட்டுவது தெரியும். கேமரா கையில் இருந்தால் விரல் பட்டனை அமுக்கத்தான் பார்க்கும். அட்டையில் அமுக்க ஒன்றும் இல்லை, அதனால் நின்று பார்ப்போம். இதில் எது எனக்குப் பிடித்தது, அந்தப் பனையா, அதன் நிழலா, பின்னால் நிற்கும் மலையா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல முடியாவிட்டால் படம் எடுக்க மாட்டேன். கடினமான விதிதான், சில காலைகள் ஒரு படமும் இல்லாமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் இதைவிட எனக்கு உதவியது வேறு எதுவும் இல்லை.

சரி, மலைக்கு வருவோம். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை படத்தில் ஒரு மண்மேடாகச் சுருங்கிப்போவது எல்லாருக்கும் நடக்கும். லென்ஸ் சரியில்லை என்று நானும் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன், அதில் போன நாட்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விஷயம் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. பனை 20 மீட்டரில் இருக்கிறது, 18 எம்.எம்.-இல் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கரையோடு பின்னால் நடந்து 60 மீட்டருக்குப் போனால் பனை மூன்றில் ஒரு பங்காகும், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையோ அப்படியே இருக்கும். இப்போது 55-க்கு ஜூம் செய்தால் பனை பழைய அளவுக்கு வந்துவிடும், மலை மட்டும் முன்பைவிட மூன்று மடங்கு பெரிதாகப் பனைக்குப் பின்னால் எழுந்து நிற்கும். இதை ஒருநாள் நீங்களே நடந்து செய்து பாருங்கள். ஜூம் என்பது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் பொருள் என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

கேமராவின் உயரத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை, எனக்கு அது பிடிபடவே மூன்று மாதம் ஆனது. முன்னால் ஒரு கல், நடுவில் தண்ணீர், தூரத்தில் மலை. நின்ற உயரத்தில் எடுத்தால் நடுத்தண்ணீர் பாய் விரித்த மாதிரி வெறுமையாகப் பரந்து கிடக்கும். ட்ரைபாட் காலை மடக்கி முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் அந்த வெறுமை ஒரு கீற்றாக ஒடுங்கி, கல்லும் மலையும் நெருங்கி வரும். இறக்குவதுதான் எப்போதும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் தாமரை இலைகள் வரிசையாக மிதக்கும் நாளில் உயரத்திலிருந்து எடுத்தால்தான் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும்.

ஓரங்களைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பட்டனை அமுக்கும் முன் பிரேமின் நான்கு ஓரத்தையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வந்தால் பாதி வெட்டுப்பட்ட தென்னை மட்டை, கம்பி, சொந்த ட்ரைபாடின் நிழல் எல்லாம் மாட்டும். அதேபோல பனையின் கொண்டை மலைச்சரிவின் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், இடப்பக்கம் இரண்டு அடி நகர்ந்தால் விலகிவிடும்.

படத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமான கோடுகளை அந்தப் பிரிவில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒன்று விதி பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தபோது, வானம் எவ்வளவு நிலம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் பற்றியும் பேசினார். நான் அதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். வானம் நன்றாக இருந்தால் அதற்கு இரண்டு பங்கு, இல்லாவிட்டால் ஒரு பங்கு. மலை தண்ணீரில் அசையாமல் தலைகீழாக நிற்கும் காலையில் விதியை விட்டுவிட்டு நடுவில் கோடு போட்டுவிடுவேன்.

அந்த அசையாத தண்ணீர் எல்லா மாதமும் கிடைக்காது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் சும்மா இருக்காது. இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் நீண்ட பொன்வெளிச்சம் நமக்கு இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறிவிடும், உதித்து முக்கால் மணி நேரத்தில் வெளிச்சம் கடுத்துவிடும். அதனால் இடத்தை முந்தின நாள் மாலையே பார்த்து, எங்கே நிற்பது என்று ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவேன். போகஸ் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம், 18 எம்.எம்.-இல், லென்ஸ் திறப்பின் அளவை எஃப்/8 என்று வைத்து 2 மீட்டரில் போகஸ் செய்தால் 1 மீட்டரிலிருந்து மலை வரை போதுமான தெளிவு கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கண் ஓர் இடத்தில் போய் நின்றால் வைத்துக்கொள்ளலாம்.

குளத்தில் பழகியதும் அடுத்து வயலுக்குப் போங்கள். எங்கள் பக்கத்து இரண்டாம் நெல் போகமான கும்பப்பூ நடவு முடிந்த முதல் இரண்டு வாரம், நாற்றுகளுக்கு இடையில் தண்ணீர் தெரியும், அதில் வானம் தெரியும், வரப்புகள் கண்ணை வளைத்து மலைக்கு இழுத்துப்போகும். பயிர் வளர்ந்துவிட்டால் எல்லாம் பச்சையாக மூடிவிடும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், புதிதாக அணைத்த வரப்பு ஈரமாக இருக்கும், ட்ரைபாட் காலை அதில் ஊன்றினால் உடைந்து தண்ணீர் போய்விடும்.